அரை கிலோ எங்கே போனது? கோத்தகிரிச் சரிவில் ஒரு டிசிபி சர்வரின் நிகழ்வு ஆய்வு

நீலகிரியில் தேயிலை வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள். பறித்த கொழுந்தைக் கொள்முதல் மையத்துக்குக் கொண்டுவந்து, எடை போட்டுக் கொடுத்துவிட்டு, மாத முடிவில் மொத்தக் கிலோவுக்குப் பணம் வாங்குவார்கள். விலை மாதத்துக்கு ஒருமுறை முடிவாகும். எடை அன்றன்றைக்கே எழுதப்பட்டுவிடும். எனவே கையில் இருக்கும் எடைச் சீட்டு, ரூபாயாக மாறக் காத்திருக்கும் பணம்.

கோத்தகிரி வட்டத்தில் உள்ள ஒரு கொள்முதல் தொழிற்சாலை இந்த எடைக் கணக்கை நோட்டுப் புத்தகத்திலிருந்து கணினிக்கு மாற்றியது. அரவேணு, கட்டபெட்டு, சோலூர்மட்டம், கீழ்க்கோத்தகிரிப் பக்கங்களில் அதற்குச் சுமார் 40 மையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மின்னணுத் தராசு. அதோடு சிம் கார்டு போட்ட ஒரு சிறு பெட்டி. சாக்கைத் தராசில் வைத்து எடை நின்றதும் பெட்டி சீட்டு அச்சிடும். அதே எடையை செல்போன் வலையமைப்பு வழியாகத் தொழிற்சாலை அலுவலகத்தின் லினக்ஸ் கணினிக்கு அனுப்பும். அங்கே ஓடிய பைத்தான் நிரலின் நடுநாயகம் ஒரு வகுப்பு, அதாவது ஒரு வேலைக்கான தரவையும் செயல்களையும் ஒன்றாகக் கட்டிய நிரல் பகுதி. வரும் இணைப்புகளை ஏற்று, எடையைப் படித்து, தரவுத்தளத்தில் எழுதும் டிசிபி சர்வர் அது. டிசிபி என்பது இரண்டு கணினிகள் இணைப்பு ஏற்படுத்தித் தரவைப் பரிமாறிக்கொள்ளும் விதிமுறை. சேதம் நடந்ததும் அதற்குள்தான்.

அதை எழுதியவரைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. இணைய நிரலாக்கப் பாடங்களின் முதல் அத்தியாயத்தில் இருக்கும் சர்வரையே அவர் எழுதியிருந்தார், பிழையில்லாமல். முதல் அத்தியாயத்தில் மின்வெட்டு இல்லை, மூடுபனி இல்லை, மலை மறைக்கும் கோபுரம் இல்லை. கோத்தகிரியில் மூன்றும் உண்டு.

புகார்கள்

கோடை மழைக்குப் பிறகு கொழுந்து பெருகிய வாரங்களில் புகார்கள் வரத் தொடங்கின. முதலாவது அலுவலக ஜன்னலுக்கு வந்த ஒரு விவசாயியின் கேள்வி: “சார், என் சீட்டில் 22.5 கிலோ என்று இருக்கிறது. உங்கள் கணக்கில் 22. அரை கிலோ எங்கே போனது?” அடுத்து, சில சீட்டுகளுக்குக் கணினியில் பதிவே இல்லை என்பது தெரிந்தது. மூன்றாவதாக, சில எடைகள் இரண்டு முறை ஏறியிருந்தன. அதைப் பற்றி எந்த விவசாயியும் புகார் தரவில்லை. லாரி எடையோடு ஒப்பிட்டபோது கணக்கரே கண்டுபிடித்தார்.

இயந்திரத்தை எவரும் சந்தேகிக்கவில்லை. மேலாளர் மையத்து ஆட்களைச் சந்தேகித்தார். மையத்து ஆட்கள் அலுவலகக் கணக்கரைச் சந்தேகித்தார்கள். விவசாயிகள் இரண்டு தரப்பையும் சந்தேகித்தார்கள், அவர்களிடம் சீட்டு இருந்ததால் அவர்கள் குரலே ஓங்கியது. தேயிலைக் கொள்முதலில் எடைச் சண்டை புதிதல்ல. ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது, முற்றிய இலைக்கு எவ்வளவு கழிப்பது என்று தலைமுறை தலைமுறையாக நடக்கும் வாக்குவாதம் அது. கணினி வந்ததே அதைக் குறைப்பதற்குத்தான்.

பிறகு ஒரு பிற்பகல், எடை மும்முரமாக நடக்கும் நேரத்தில், சர்வர் புதிய இணைப்பு எதையும் ஏற்காமல் நின்றது. கணினியின் விசிறி இரைந்தது. கணக்கர் நிரலை நிறுத்தி மீண்டும் ஓட்டினார். “முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது” என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி வந்து நிரல் நின்றுவிட்டது. இன்னொரு முறை ஓட்டினார், அதே செய்தி. கடைசியில் கணினியையே அணைத்துப் போட்டார். சரியானது. அதன் பிறகு இந்தச் சடங்கு அவ்வப்போது தேவைப்பட்டது. அந்தக் கட்டத்தில்தான் நிரலைப் பார்த்துச் சொல்லும்படி என்னை அழைத்தார்கள்.

ஏற்பது யாருடைய வேலை

நிரல் வலையமைப்போடு பேசும் முனைக்கு சாக்கெட் என்று பெயர். அந்த ஏற்பாடு 1983இல் வந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் இயங்குதளம் வழியாகப் பரவியது. சர்வர் பக்கத்தில் அதன் படிகள் இன்றும் அவையே. சாக்கெட்டை உருவாக்கு, பைண்ட் மூலம் ஒரு முகவரியையும் போர்ட்டையும் (கதவு எண்ணையும்) அதற்குக் கொடு, இணைப்புகளுக்குக் காதுகொடுக்க லிசன் சொல், பிறகு வந்ததை ஏற்க ஆக்செப்ட்டை மீண்டும் மீண்டும் அழை. ஒவ்வொரு ஆக்செப்ட்டும் ஒரு புதிய சாக்கெட்டைத் தரும். அந்தப் புதிய சாக்கெட்டில்தான் உரையாடல் நடக்கும். பழையது வாசலிலேயே நிற்கும்.

இதில் பலர் தவறாக நினைத்திருக்கும் ஒன்று உண்டு. ஆக்செப்ட் அழைக்கும்போதுதான் இணைப்பு உருவாகிறது என்று நினைக்கிறார்கள். இணைப்பை உருவாக்குவது கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. இணைப்புக் கேட்டுப் பெட்டி சின் பாக்கெட் என்ற சிறு தரவுத் துண்டை அனுப்புகிறது, கர்னல் பதில் சொல்கிறது, பெட்டி அதை உறுதிசெய்கிறது. இந்த மூன்று நடையும் நிரலுக்குத் தெரியாமலேயே முடிந்துவிடும். முடிந்த இணைப்புகள் ஒரு வரிசையில் காத்திருக்கும். ஆக்செப்ட் அந்த வரிசையின் தலையில் உள்ளதை எடுத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். லிசன் அழைப்பில் கொடுக்கும் எண் அந்த வரிசையின் நீளம்.

பழைய வகுப்பில் அந்த எண் 5. பழக்கத்தால் எல்லோரும் எழுதும் எண் அது. பைத்தானோடு வரும் சாக்கெட்சர்வர் தொகுதியிலும் இயல்பு அளவு 5தான். ஆக்செப்ட் சுழற்சி வேகமாகச் சுழன்றால் 5 போதும். ஆனால் இந்த வகுப்பு ஒவ்வோர் இணைப்பையும் ஏற்றவுடன், அதைக் கவனிக்கும் த்ரெட்டை (நிரலுக்குள் இணையாக ஓடும் ஒரு கிளையை) தொடங்குவதற்கு முன், தரவுத்தளத்தைத் திறந்து “மையம் தொடர்பில் வந்தது” என்று ஒரு வரி எழுதியது. சாதாரண நேரத்தில் யாருக்கும் அது தெரியாது. ஒரு மின்பாதையில் மரம் சாய்ந்து, மின்சாரம் போய்த் திரும்பியதும், அந்தப் பாதையிலுள்ள பெட்டிகள் அனைத்தும் ஒரே நொடியில் விழித்து ஒரே நொடியில் கதவைத் தட்டும். வரிசை நிரம்பியதும் லினக்ஸ் கர்னல் மிச்ச சின் பாக்கெட்டுகளை ஓசையில்லாமல் கைவிடும். டிசிபி விதிப்படி, பதில் வராத பெட்டி 1 நொடி கழித்து மறுபடி கேட்கும், பிறகு 2 நொடி, பிறகு 4 நொடி என்று இடைவெளியை இரட்டிப்பாக்கும். இந்தப் பெட்டிகளோ 5 நொடியில் பொறுமை இழந்து, இணைப்பைக் கைவிட்டு, உடனே முதலிலிருந்து தொடங்கின. நெரிசல் தன்னைத்தானே வளர்த்துக்கொண்டது.

முகவரி பயன்பாட்டில் உள்ளது என்ற செய்தி இதைவிட எளியது. எந்தப் பக்கம் இணைப்பை முதலில் மூடுகிறதோ, அந்தப் பக்கத்துக் கர்னல் அந்த இணைப்பைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். லினக்ஸில் 60 நொடி. வழியில் தாமதித்த பழைய பாக்கெட் ஏதாவது புதிய இணைப்புக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்கான காவல் அது. டைம் வெயிட் என்று அந்த நிலைக்குப் பெயர். நிரலைச் சட்டென்று நிறுத்தியபோது சர்வர்தான் முதலில் மூடியது. அந்த 60 நொடிக்குள் அதே போர்ட்டை மறுபடி கேட்டால் கர்னல் மறுக்கும். கணக்கர் ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்திருந்தால் கணினியை அணைக்கத் தேவையே இருந்திருக்காது. முகவரி மறுபயன்பாட்டுக்கான அமைப்பை பைண்டுக்கு முன்னால் இயக்கிவிட்டால் லினக்ஸில் இந்தச் சிக்கல் தீரும். மேலாளருக்கு சர்வரை பில்லிங் அறையின் விண்டோஸ் கணினிக்கு மாற்றும் எண்ணம் இருந்தது. அங்கே அதே பெயருள்ள அமைப்பின் பொருள் வேறு. இரண்டு நிரல்கள் ஒரே போர்ட்டில் உட்கார்ந்துகொள்ளக்கூட அது வழிவிடும். லினக்ஸிலேயே இருக்கட்டும் என்றேன்.

அரை கிலோ

அனுப்பப்படும் செய்தி எளிய எழுத்து வரி: மைய எண், விவசாயி எண், கடைசியில் எடை, முடிவில் புதுவரிக் குறி. சர்வர் ஒருமுறை படித்தால் கிடைப்பதை ஒரு முழுச் செய்தி என்று எடுத்துக்கொண்டது. 1024 பைட் வரை கேட்டது. செய்தியோ முப்பது பைட்டைத் தாண்டாது. அலுவலகத்துக்குள் மடிக்கணினியிலிருந்து அனுப்பிச் சோதித்தபோது ஒவ்வொரு முறையும் சரியாகவே வேலை செய்தது.

டிசிபி செய்திகளைக் கொண்டுசெல்வதில்லை, பைட்டுகளைத்தான் கொண்டுசெல்கிறது. அனுப்பிய வரிசை மாறாது, நடுவில் எதுவும் விடுபடாது என்று வாக்குக் கொடுக்கிறது. எத்தனை துண்டாக அனுப்பினாயோ அத்தனை துண்டாகக் கொடுப்பேன் என்று அது எங்கும் சொல்லவில்லை. மேலே தொட்டியில் குடம் குடமாக ஊற்றினாலும், கீழே குழாயில் வரும் தண்ணீரில் குடக்கணக்கு இருக்காது.

இது ஊகமாக நிற்காமல் உறுதியானது பழைய பதிவுக் கோப்பால். புரியாத செய்தி வந்தால் அதைப் “பிழையான செய்தி” என்று எழுதிவைக்கும் நல்ல பழக்கம் அந்த நிரலுக்கு இருந்தது. அந்தக் கோப்பை எவரும் திறந்து பார்த்ததில்லை. திறந்தால் பக்கம் பக்கமாக அநாதைப் பின்னங்கள்: “.5”, “.2”, “.8”. ஒவ்வொன்றுக்கும் சற்று முன்னால், அதே மையத்திலிருந்து, பின்னமில்லாத ஒரு முழு எடை தரவுத்தளத்தில் ஏறியிருந்தது. பெட்டியின் நிரல் எடையை முழு எண்ணாகவும் பின்னமாகவும் இரண்டு முறை எழுதி மோடத்துக்குக் கொடுத்தது. சிக்னல் நன்றாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே வந்துவிடும். இழுபறியாக இருக்கும் நேரத்தில் “22” முதலில் வரும். சர்வர் அதை முழு எடை என்று பதிந்துவிடும். “.5” பின்னால் வந்து பிழைக் கோப்பில் விழும். ஜன்னலில் கேட்ட விவசாயியின் அரை கிலோ தேதியோடும் நேரத்தோடும் அங்கே இருந்தது. அந்தப் பக்கத்தை அச்சிட்டு மேலாளரிடம் கொடுத்தேன். எவரும் எவரிடமும் திருடவில்லை என்று நான் விளக்கியதைவிட அந்தத் தாள் நன்றாக விளக்கியது.

காணாமல்போன பதிவுகளுக்கும் வேர் இதுவே, திசைதான் எதிர். பள்ளத்தில் உள்ள மையத்தில் மூடுபனியும் மழையுமாகச் சிக்னல் சில நொடி அறுந்தால், இடையில் போட்ட எடைகள் மோடத்தில் தேங்கும். சிக்னல் திரும்பியதும் நான்கைந்து வரிகள் ஒட்டிக்கொண்டு ஒரே மூச்சில் வரும். சர்வர் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு மற்றதை வீசியது. இழப்பு அதிகம் இருந்த மையங்களின் பட்டியலும் சிக்னல் மோசமான மையங்களின் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றே. அந்த மையத்து ஆட்கள்மீதுதான் அதுவரை அதிகச் சந்தேகம் இருந்தது.

இறந்தும் இறக்காத இணைப்புகள்

சர்வர் நின்றுபோன பிற்பகலுக்குக் காரணம் தேட, திறந்திருக்கும் இணைப்புகளை நெட்ஸ்டாட் கட்டளையால் பட்டியலிட்டேன். 40 மையங்களுக்கு 40 வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் நூற்றுக்கணக்கில் வந்தன. அவற்றில் இரண்டு வகை.

ஒரு வகை “எஸ்டாப்ளிஷ்டு” என்று உயிரோடு இருப்பதாகச் சொல்லிக்கொண்டவை. மையத்தில் மின்சாரம் போனால் பெட்டி அந்த நொடியே அணைந்துவிடும். “முடித்துக்கொள்கிறேன்” என்று ஃபின் பாக்கெட் அனுப்ப அதற்கு நேரம் இல்லை. சர்வரோ படிப்பதற்காகக் காத்திருக்கிறது, தானாக எதையும் அனுப்புவதில்லை. டிசிபியில் மறுமுனை போய்விட்டது என்று தெரிய வேண்டுமானால் ஏதாவது அனுப்பிப் பார்க்க வேண்டும். கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் முனை, கணினி ஓடும் வரை, வருடக் கணக்கில்கூடக் கேட்டுக்கொண்டே இருக்கும். மின்சாரம் திரும்பியதும் பெட்டி புதிய இணைப்பாக வந்துவிடும். பழையது ஒரு த்ரெட்டையும் ஒரு சாக்கெட்டையும் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும்.

மற்ற வகை “குளோஸ் வெயிட்” நிலையில் இருந்தவை. மறுமுனை முறைப்படி மூடிவிட்டது, நம் நிரல் மூடவில்லை என்பது அதன் பொருள். இந்த நிலை நீடித்தால் குற்றவாளியை வலையமைப்பில் தேட வேண்டாம், நிரலுக்குள் தேடினால் போதும். பழைய வகுப்பு ஏற்ற சாக்கெட்டுகளை எல்லாம் ஒரு பட்டியலில் சேர்த்துவைத்தது. எப்போதாவது எல்லா மையங்களுக்கும் அறிவிப்பு அனுப்பலாம் என்ற யோசனையாம். அது நடக்கவே இல்லை. த்ரெட் பிழையில் முடிந்தாலும் சாக்கெட் பட்டியலில் இருந்தது. பட்டியலில் இருக்கும்வரை பைத்தான் அதைத் தானாக மூடாது.

லினக்ஸில் ஒரு நிரல் திறந்துவைக்கும் கோப்புகளுக்கும் சாக்கெட்டுகளுக்கும் இயல்பான வரம்பு பெரும்பாலும் 1024. ஒவ்வொரு மையமும் நாளொன்றுக்கு ஒரே ஒரு முறை இப்படி மறைந்தால்கூட, 40 மையங்களில் 26 நாட்களில் வரம்பு தொட்டுவிடும். தொட்டதும் ஆக்செப்ட் பிழை தரும். பழைய சுழற்சி எல்லாப் பிழையையும் ஒரே கூடையில் போட்டு, “மறுபடி முயல்” என்றது. ஏற்கப்படாத இணைப்பு வரிசையிலேயே இருப்பதால் அடுத்த ஆக்செப்ட்டும் உடனே அதே பிழையைத் தரும். விசிறி இரைந்ததன் காரணம் அதுதான்: நொடிக்கு எண்ணற்ற முறை தோற்றுக்கொண்டிருந்த ஒரு சுழற்சி.

டிசிபிக்கென்றே கீப்அலைவ் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறதே என்று நிரல் தெரிந்தவர்கள் கேட்பார்கள். இருக்கிறது, கேட்டால்தான் இயங்கும். இயக்கினாலும் லினக்ஸின் இயல்பு அளவுகள் இந்த வேலைக்கு உதவாது. 7200 நொடி அமைதிக்குப் பிறகுதான் முதல் சோதனைப் பாக்கெட் போகும். பிறகு 75 நொடிக்கு ஒன்றாக 9 முறை பார்த்து, அதன் பின்பே இணைப்பு இறந்ததாக முடிவுசெய்யும். மொத்தம் 2 மணி 11 நிமிடம். ஒரு மையத்தின் பிற்பகல் எடை வேலையே அதற்குள் முடிந்துவிடும். அளவுகளைக் குறைக்கலாம். ஆனால் பெட்டியின் மோடம் உயிரோடு இருந்து அதன் நிரல் உறைந்துபோயிருந்தால், மோடம் கீப்அலைவுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். நமக்குத் தெரிய வேண்டியது நிரலின் உயிர்.

“கிடைத்தது” என்று சொல்வது யார்

இரட்டைப் பதிவுகளின் கதை வேறு. பெட்டிக்குச் சர்வரிடமிருந்து பதில் எதுவும் வராது. டிசிபி ஏற்றுக்கொண்டதா என்பதை மட்டும் பார்த்தது. இணைப்பு நடுவில் அறுந்தால், கடைசி எடை சேர்ந்ததா இல்லையா என்று அதற்குத் தெரியாது. பாதுகாப்புக்காக மீண்டும் அனுப்பியது. சர்வர் இரண்டையும் எழுதியது.

டிசிபி அனுப்பும் உறுதிமொழியின் எல்லை இங்கேதான் தெரிகிறது. பைட்டுகள் மறுமுனைக் கர்னலின் நினைவகத்தை எட்டிவிட்டன என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. நிரல் அதைப் படித்ததா, தரவுத்தளம் அதை வட்டில் எழுதியதா என்பது அதற்குத் தெரியாது. தொழிற்சாலை அலுவலகத்தின் இன்வெர்ட்டர் தீர்ந்து கணினி அணைந்த ஒரு மாலையில், சேர்ந்துவிட்டதாகப் பெட்டி நம்பிய சில எடைகள் எங்குமே இல்லாமல் போயின. டிசிபி பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கக் கூடாத கேள்வியை அதனிடம் கேட்டிருந்தார்கள்.

எனவே புதிய ஏற்பாட்டில் பதில் சொல்வது சர்வர் நிரல். ஒவ்வோர் எடைக்கும் பெட்டி ஒரு தொடர் எண் கொடுக்கிறது. மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் அந்த எண் இருக்கிறது. சர்வர் எடையை எழுதி, தரவுத்தளம் அதை வட்டில் சேர்த்த பின்னரே அந்தத் தொடர் எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. எண் திரும்பி வரும்வரை பெட்டி அந்த எடையைத் தன்னிடம் வைத்திருக்கும். சந்தேகம் வந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் அனுப்பும். மைய எண்ணும் தொடர் எண்ணும் சேர்ந்தது தரவுத்தளத்தில் தனித்த சாவி. இரண்டாம் முறை வந்த எடை எழுதப்படாது, ஆனால் பதில் மட்டும் முறையாகப் போகும். அந்தப் பதிலும் போகவில்லையென்றால் பெட்டி ஓயாது.

புதிய வகுப்பு

முதல் முடிவு, வகுப்பை இரண்டாகப் பிரித்தது. வாயில் என்ற வகுப்பு கேட்கும் சாக்கெட்டை வைத்திருக்கும், ஏற்கும், ஒப்படைக்கும், வேறெதுவும் செய்யாது. இணைப்பு என்ற வகுப்பு ஒரு மையத்தோடு நடக்கும் உரையாடலை அதன் பிறப்பு முதல் இறப்பு வரை பார்த்துக்கொள்ளும். ஏற்ற சாக்கெட்டை மூடும் பொறுப்பு இணைப்பு வகுப்பு ஒன்றுக்கே உரியது. எந்த வழியில் வெளியேறினாலும் மூடிவிட்டே வெளியேறும்.

இரண்டாவது, இணைப்புக்கு ஒரு த்ரெட்டா, எல்லா இணைப்புகளையும் ஒரே ஓட்டத்தில் கவனிக்கும் நிகழ்வுச் சுழற்சியா என்ற கேள்வி. பைத்தானில் 2014 முதல் அந்தச் சுழற்சிக்கான அசின்க்ஐஓ தொகுதி இருக்கிறது. லினக்ஸில் பல இணைப்புகளை ஒன்றாகக் கவனிக்கும் எபோல் வசதி அதற்கும் மூத்தது. பதினாயிரம் இணைப்புகளை ஒரே சர்வர் தாங்குமா என்று நிரலாளர் டான் கெகல் 1999இல் எழுப்பிய கேள்வியிலிருந்து வளர்ந்த நுட்பங்கள் இவை. இங்கே இருப்பது 40 மையம். ஒரு மையத்துக்கு ஒரு த்ரெட் என்பதே போதும், அதைப் படித்துப் புரிந்துகொள்வதும் எளிது. நாளை இந்த நிரலைத் திருத்தப்போகிறவர் கோயம்புத்தூரிலிருந்து வரும் யாரோ ஓர் இளைஞராக இருக்கலாம். அவர் அரை நாளில் படித்து முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்தேன். இதை ஒரு குறையாக நினைப்பவர்களோடு எனக்கு வாதமில்லை.

வாயிலின் ஆக்செப்ட் சுழற்சியில் பிழைகள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டன. ஏற்பதற்குள் மறுமுனை போய்விட்டது என்றால் கண்டுகொள்ளாமல் அடுத்ததுக்குப் போகலாம். திறந்த கோப்புகளின் வரம்பு முட்டியது என்றால் பதிவுக் கோப்பில் உரக்கச் சொல்லிவிட்டு, சிறிது நேரம் தூங்கி எழ வேண்டும். இதற்கு ஒரு பழைய உத்தியும் உண்டு. ஒரு வெற்றுக் கோப்பைச் சும்மா திறந்துவைத்துக்கொண்டு, முட்டிய நேரத்தில் அதை மூடி, கிடைத்த இடத்தில் வந்தவரை ஏற்று உடனே அனுப்பிவிட்டு, கோப்பைத் திரும்பத் திறப்பது. வேறு எந்தப் பிழை வந்தாலும் வாயில் நின்றுவிட வேண்டும். நின்றதைக் கண்டு மீண்டும் ஓட்டுவது இயங்குதளத்தின் வேலை. லிசன் வரிசையின் நீளம் 128 ஆனது. இணைப்பைப் பற்றித் தரவுத்தளத்தில் எழுதும் வேலை இணைப்பின் த்ரெட்டுக்குள் போனது.

இணைப்பு வகுப்பு வரும் பைட்டுகளை ஒரு பஃபரில் (தற்காலிகச் சேமிப்பிடத்தில்) சேர்க்கிறது. புதுவரிக் குறி கண்ட இடத்தில் மட்டும் வெட்டுகிறது. மிச்சத்தை அடுத்த வரவுக்கு வைத்திருக்கிறது. பூஜ்யம் பைட் வந்தால் மறுமுனை முடித்துவிட்டது என்று பொருள். பஃபரில் பாதி வரி மிஞ்சியிருந்தால் அதை எடையாக எண்ணக் கூடாது. 256 பைட்டுக்குள் புதுவரி வரவில்லையென்றால் இணைப்பு துண்டிக்கப்படும். மிகையாகத் தோன்றலாம். ஆனால் இணையத்துக்குத் திறந்த போர்ட் எதுவும் அந்நியர் தட்டாமல் இருப்பதில்லை. வலைப்பக்கம் கேட்டு வரும் தானியங்கி நிரல்களும் கடவுச்சொல்லைத் துழாவும் நிரல்களும் பழைய பிழைக் கோப்பில் அநாதைப் பின்னங்களுக்கு இடையே நிறையவே இருந்தன. இப்போது, இணைந்த 10 நொடிக்குள் தன் மைய எண்ணைச் சொல்லாதவர் வெளியே.

அடையாளத்துக்கு மைய எண் மட்டும் போதாது, எவரும் அதைச் சொல்லிவிடலாம். பெட்டிக்கும் சர்வருக்கும் பொதுவான ரகசியமும், மேலே டிஎல்எஸ் மறையாக்கமும் சேர்க்கப்பட்டன. இங்கே பைத்தானில் ஒரு பொறி இருக்கிறது. கேட்கும் சாக்கெட்டையே டிஎல்எஸ் உறையில் போட்டுவிட்டால், இயல்பாக ஆக்செப்ட் அழைப்புக்குள்ளேயே மறையாக்கக் கைகுலுக்கல் நடக்கும். சிக்னல் தள்ளாடும் ஒரு பெட்டி கைகுலுக்கலைப் பாதியில் நிறுத்தினால், வாசலில் நிற்கும் அத்தனை பேரும் அதற்காகக் காத்திருப்பார்கள். ஆகவே வாயில் வெறும் சாக்கெட்டை ஏற்றுக் கொடுக்கிறது. உறை போடுவது இணைப்பின் த்ரெட்டில், காலக்கெடுவோடு நடக்கிறது.

இறந்த இணைப்புகளுக்கு இரண்டு மருந்து. பெட்டி எடை இல்லாத நேரத்திலும் நிமிடத்துக்கு ஒரு வரி அனுப்புகிறது. 3 நிமிடம் எதுவும் வரவில்லையென்றால் சர்வர் மூடிவிடுகிறது. பல கருவிகளை ஒரே இணைய முகவரிக்குப் பின்னால் வைக்கும் செல்போன் நிறுவனங்களின் முகவரி மாற்றிகள் பேச்சில்லாத இணைப்பைத் தங்கள் அட்டவணையிலிருந்து நீக்கிவிடும் தொல்லைக்கும் இந்த நிமிட வரி உதவுகிறது. இரண்டாவது மருந்துதான் எனக்குப் பிடித்தது: ஒரு மையத்துக்கு ஒரே இணைப்பு, அடையாளம் நிரூபித்துப் புதிதாக வந்தவர் பழையவரை வெளியேற்றுவார். நிரலாளர்கள் பலர் இதைத் தலைகீழாக எழுதுவார்கள்: ஏற்கெனவே இணைப்பு இருக்கிறது, உனக்கு இடமில்லை என்று. அப்படி எழுதியிருந்தால் மின்சாரம் போய்த் திரும்பிய ஒவ்வொரு பெட்டியும் தன்னுடைய பிணத்திடம் அனுமதி கேட்டு 3 நிமிடம் நின்றிருக்கும்.

பெட்டியின் பக்கத்தில் ஒரே ஒரு மாற்றத்தை வலியுறுத்தினேன். இணைப்பு தோற்றால் உடனே திரும்பத் தட்டக் கூடாது. காத்திருக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் கூட வேண்டும், அதில் சிறிது தற்செயலும் கலந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே நொடியில் விழித்த பெட்டிகள் ஒரே நொடியில் தோற்று, ஒரே நொடியில் திரும்பி வரும்.

சோதனை

அலுவலக மேசையில் வேகமான இணைப்பில் ஓடும் சோதனைக்கு மதிப்பில்லை என்பது பழைய நிரலின் வரலாற்றிலிருந்தே தெரியும். எனவே சோதனைக்கென்று எழுதிய போலிப் பெட்டி வேண்டுமென்றே மோசமாக நடந்துகொண்டது. ஒவ்வொரு பைட்டையும் தனித்தனியாக, நொடி இடைவெளியில் அனுப்பியது. பத்து எடைகளை ஒட்டி ஒரே துண்டாக அனுப்பியது. மைய எண் சொல்லாமல் அமைதியாக உட்கார்ந்தது. எடை அனுப்பிவிட்டுப் பதிலைப் படிக்காமல் மறைந்தது. உண்மையான பெட்டியின் ஆன்டெனாவைத் தகரப் பெட்டிக்குள் போட்டு மூடி, சிக்னலைத் தடுமாறவைத்தோம். எடை ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்வர் கணினியின் மின்கம்பியைப் பிடுங்கினோம். திரும்ப ஓடியதும், சீட்டுக் கட்டையும் தரவுத்தளத்தையும் வரிக்கு வரி கணக்கரே ஒப்பிட்டார். கடைசிச் சோதனைக்குக் கணக்கரைப் பயன்படுத்தியதில் ஒரு காரணம் இருந்தது: பழி அவர்மீதும் விழுந்திருந்தது, ஒப்பீட்டில் அவரைவிடக் கறாரானவர் கிடைக்க மாட்டார்.

நிறுத்தும் முறையும் மாறியது. நிறுத்து என்றதும் வாயில் முதலில் கேட்கும் சாக்கெட்டை மூடும், ஓடும் இணைப்புகள் கையில் உள்ள வரியை எழுதிப் பதில் அனுப்பிவிட்டு மூடும். சில நொடிகளில் முடியும். கணினியை அணைத்துப் போடும் சடங்கு இப்போது இல்லை.

மிச்சம்

கீழ்க்கோத்தகிரிக்கு அப்பால் இறக்கத்தில் ஒரு மையத்துக்குச் சிக்னலே கிடையாது. எந்த நிறுவனத்தின் சிம் போட்டாலும் இதே கதி. அங்கே பெட்டி எடைகளைத் தன்னிடமே சேர்த்துவைக்கிறது. இலை ஏற்றும் லாரியில் பெட்டியும் வருகிறது. தொழிற்சாலை முற்றத்தில் வைஃபை எல்லைக்குள் நுழைந்ததும் அது எல்லா மையங்களையும் போலவே சர்வரை அழைத்து, மைய எண் சொல்லி, அன்றைய எடைகளை வரிசையாகக் கொட்டுகிறது. வாயில், இணைப்பு இரண்டு வகுப்புகளிலும் இதற்காக ஒரு வரிகூட மாறவில்லை. மாற வேண்டியிருந்தது தரவுத்தளத்தின் ஒரு பத்தி. எடையின் நேரமாகப் பழைய நிரல் எழுதியது சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தை. மழை நாளில் சாலையில் மரம் விழுந்து லாரி நள்ளிரவுக்குப் பின் வந்தால், மாதக் கடைசி நாளின் கொழுந்து அடுத்த மாத விலைக்குப் போய்விடும். இப்போது தராசில் போட்ட நேரத்தைப் பெட்டியே அனுப்புகிறது. பெட்டியின் கடிகாரம் முன்னே பின்னே ஓடினால் திருத்திக்கொள்ள, அடையாளம் ஏற்கப்பட்டதும் சர்வர் அனுப்பும் முதல் வரியில் தன் நேரத்தைச் சொல்கிறது.